செத்த தோல்

கல்யாண மண்டபத்து வாசலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பு மையால் எழுதியிருந்ததை ஜெய்தூன் பீவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘நீ வாங்கும் பொருளில் யாருடைய கண்ணீர் கலந்திருக்கிறது?’ படித்து முடித்ததும் வாய் கொள்ளாமல் எச்சில் ஊறியது. துப்பத்தான் பார்த்தாள். மகளுடைய வேலையை நினைத்து விழுங்கிவிட்டாள்.

“என்னம்மா, நின்னுட்ட?” என்றாள் மகள் நஜ்முன்னிசா.

“ஒண்ணுமில்லத்தா. காத்துல தூசி.”

கண்ணீராம், பெரிய கண்ணீர்! அந்தத் துணிக்கு நேர் கீழே சாக்கை விரித்து, அவரைக்காயும் கத்தரிக்காயும் குவித்து உட்கார்ந்திருந்தாள் சித்தையன்கோட்டை அய்யம்மாள். கூட்டம் கூடுகிற இடமென்று கேள்விப்பட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். உள்ளே கண்காட்சியில் ஒரு மேசை கேட்டிருக்கிறாள். முன்னாலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று வாசலோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அவள் முன்னால் கதர்ப்பட்டு உடுத்திய ஒரு அம்மாள் குனிந்து, அவரைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையில் குத்தியிருந்த காகிதப் பூவில் ‘நியாய விலை தருவேன்’ என்று அச்சடித்திருந்தது.

“இந்த முத்தலுக்கா இந்த விலை சொல்றே?”

“முத்தலா? காலையில பறிச்சதும்மா. ஒடிக்கயிலேயே சத்தம் கேக்குதுல்ல?”

“பாதிக்குக் குடு. இல்லேன்னா வேண்டாம்.”

“பேரம் பேசக் கூடாதுன்னு உள்ள மைக்குல சொன்னாகளே தாயி.”

“அது உள்ளே. இது வெளியே,” என்றாள் அந்த அம்மாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஜெய்தூன் பீவிக்குப் பொறுக்கவில்லை. “வெளிய இருக்குற அவரைக்காய்க்குக் கண்ணீர் வராதாக்கும்,” என்றாள், யாரையும் பார்க்காமல் பொதுவாக. அய்யம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நஜ்முன்னிசா பதறிப்போய் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நயா பைசா வந்த புதிது அது. அணாவுக்கு எத்தனை பைசா என்று ஊரெல்லாம் கடைக்குக் கடை சண்டை. அந்தச் சமயத்தில்தான் வக்கீல் மனைவி சுந்தரவல்லி அம்மாள் பட்டணத்தில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு, தர்ம வியாபாரம் என்றொரு யோசனையோடு திரும்பி வந்தாள். ஏழை கையால் செய்ததையே வாங்க வேண்டும், சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும், எந்த உயிரையும் நோகடிக்காத சரக்காகப் பார்த்து எடுக்க வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதுவரை திண்டுக்கல்காரர்கள் எல்லாம் வழிப்பறி செய்து தின்றுகொண்டிருந்தது போலவும், இந்த அம்மாள் வந்துதான் கடைக்குப் போகக் கற்றுக்கொடுத்தது போலவும் பேசியதுதான் தாங்க முடியவில்லை. பெரிய வீட்டுப் பெண்களைச் சேர்த்து ஒரு கழகம். காந்தி பிறந்தநாளை ஒட்டிக் கல்யாண மண்டபத்தில் இந்தக் கண்காட்சி.

ஊர் அவளைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். பெண்கள் பள்ளிக்கூடம் அவள் குடும்பத்துக்குச் சொந்தம். நஜ்முன்னிசா அங்கே டீச்சர். ட்ரெயினிங் முடித்து வந்ததிலிருந்து டெம்பரவரி. ஒவ்வொரு வருசமும் முழுப்பரீட்சை முடிந்தால் பிள்ளைகள் சந்தோசமாக வீட்டுக்கு ஓடும். நஜ்முன்னிசா பின்னால் காலை இழுத்துக்கொண்டு வருவாள். மறுபடி கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று கோடை முழுக்க அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

ஏனென்றால் வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. வீட்டுக்காரர் கிதர் முகம்மது ராவுத்தருக்குப் பேகம்பூரில் தோல் மண்டி. பின்பக்கம் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டைத் தொட்டியுமாகச் சின்னதாய்ப் பதம்போடும் இடமும் உண்டு. ஒரு காலத்தில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்தும் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்திலிருந்தும் வண்டி வண்டியாகத் தோல் வந்து இறங்கிய மண்டிதான். இப்போது பெரிய வியாபாரிகள் லாரியை விட்டு, சந்தையிலேயே வளைத்துப் பட்டணத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். ராவுத்தர் விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புரட்டாசி மூட்டம் வேறு. மேகம் மலைக்கோட்டை மேல் கவிந்து நிற்கும், பெய்யவும் செய்யாது, விலகவும் செய்யாது. கிடக்கிற நாலு தோலும் காயாமல் நாறும்.

“கண்காட்சி நல்லபடியா முடியட்டும் நஜ்மா. உன்னைப் பெர்மனன்ட் பண்றது என் பொறுப்பு,” என்று சுந்தரவல்லி அம்மாள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜெய்தூன் பீவி இன்றைக்கு எச்சிலை விழுங்கியது.

அந்த அம்மாள் கேட்ட உதவியும் லேசானதாகத்தான் தெரிந்தது. ஆவணிக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்து ஆயா ஜெயமேரி மண்டிக்கு வந்தாள். ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். ஜெய்தூன் பீவி வீட்டுக்குப் போகும் உள்கதவு ஓரமாக நின்று கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பாயி, அம்மா சொல்லி விட்டாக. கண்காட்சியில விக்கச் செருப்புத் தைக்கணுமாம். செத்த தோல் வேணுமாம்.”

திண்டுக்கல் பக்கம் செத்த என்றால் கொஞ்சம். செத்த இரு, செத்த தள்ளு, செத்த மோர் ஊத்து. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல். இறந்துபோன என்ற அர்த்தம் வரவேண்டுமானால் பக்கத்தில் ஆளோ மாடோ கிடக்க வேண்டும். தோல் வியாபாரத்திலோ, தானாகச் செத்த மாட்டின் தோலுக்கு முர்தார் என்று தனிப் பெயரே இருக்கிறது. அறுத்த மாட்டுத் தோலோடு அதைச் சேர்க்க மாட்டார்கள். ரத்தம் உள்ளேயே உறைந்துவிடுவதால் எவ்வளவு பட்டை போட்டு ஊறவைத்தாலும் திட்டுத் திட்டாகக் கறுக்கும், வளைத்தால் வெடிக்கும்.

“செத்த போதுமா? நெறைய வேணுமா?” என்று கேட்டார் ராவுத்தர்.

“செத்த தோல்னுதான் பாயி சொன்னாக.”

“அதென்ன செத்த! நம்ம புள்ள வேலை பாக்குற எடம். முழுசாவே எடுத்துட்டுப் போ.”

எழுந்து போய், அடுக்கின் அடியிலிருந்து உருவி எடுத்தார். மண்டியிலேயே உசத்தியான தோல். பட்டைத் தண்ணீரில் பொறுமையாகப் பதம் வந்து, வெல்லப்பாகு நிறத்தில், கையில் எடுத்தால் துணி போலத் துவளும். நல்ல விலைக்கு ஆள் வந்தால் கொடுக்கலாமென்று ஒளித்து வைத்திருந்தது.

“இந்தாருங்க, அந்தம்மா கேட்டது செத்த. நீங்க தூக்கி விடுறது என்ன?” என்று ஜெய்தூன் பீவி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

“பெர்மனன்ட் ஆகணும்ல, புள்ள.”

“கால்ல தோலை வச்சா அந்தம்மாவுக்கு மனசு எளகுமாக்கும்.”

“எளகும், எளகும். நீ கருவாட்டைப் பாரு, பூனை நிக்கிது.”

தோல் சோலைமுத்துவிடம் போனது. பேகம்பூர் முக்கில் சாக்குப் பந்தலுக்குக் கீழே செருப்புத் தைப்பவர். அவர் அந்தத் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதைத் தைக்கிறதுக்கு முந்திக் குளிச்சிட்டு வரணும் போலருக்கே,” என்றாராம். ராவுத்தர் அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டார்.

மண்டபத்துக்குள் கைக்குத்தல் அரிசி, கருப்பட்டி, கொம்புத்தேன், செக்கு எண்ணெய், சின்னாளப்பட்டிச் சேலை என்று மேசை மேசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் ஒரு பெரிய வீட்டுப் பெண். செய்தவர்களில் ஒரு முகத்தைக்கூட ஜெய்தூன் பீவியால் அங்கே பார்க்க முடியவில்லை. ஏழை கையால் செய்தது வேண்டும், ஏழை மட்டும் வாசலோடு நிற்க வேண்டும். சோலைமுத்துகூட வெளியே வேப்பமரத்தடியில்தான் குத்தவைத்திருந்தார். வார் அறுந்தால் தைக்க ஆள் வேண்டுமே என்று வரச்சொல்லியிருந்தார்கள்.

கைக்குத்தல் அரிசியை ஒருத்தி விரலால் அளைந்துகொண்டே, “இதைச் சாப்பிட்டா ஜீரணமாகுமா? வேலைக்காரிக்கு வேணா வாங்கிப் போடலாம்,” என்றாள். பக்கத்தில் நின்றவள், “எவ்வளவு புண்ணியமா இருக்கு பாருங்க,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். இவர்களுக்குப் புண்ணியம்கூடக் கடைச்சரக்கு, என்று ஜெய்தூன் பீவி மனதுக்குள் காறித் துப்பினாள்.

செருப்பு மேசையில்தான் நஜ்முன்னிசா நின்றாக வேண்டும். காலையிலிருந்து அவள்தான் விற்றாள். நடுவில் அம்மாவைக் கூட்டிவர வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினாள். மேசை ஏறக்குறைய காலி. சோலைமுத்து தைத்ததெல்லாம் அம்மாமார் காலில் நடமாடிக்கொண்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் யாரும் கழற்றவில்லை. பழைய செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்கள். மேசைக்கு மேலே, அவள் இல்லாத நேரத்தில் யாரோ ஒரு புதுப் பலகை தொங்கவிட்டிருந்தார்கள்.

ஜெய்தூன் பீவி எழுத்துக் கூட்டினாள். ‘அகிம்சைச் செருப்பு. தானே இறந்த மாட்டின் தோலில் செய்தது.’

முதலில் விளங்கவில்லை. மறுபடி படித்தாள்.

“யா அல்லா! ஏத்தா நஜ்மு, இதுல என்ன எழுதியிருக்கு? செத்த மாடா?”

“ஆமா, அதான் வேணும்னு சுந்தரவல்லி அம்மா அத்தாகிட்டச் சொல்லி விட்டாங்களே.”

“அடி பாவி மகளே, உங்கத்தா குடுத்தது அறுத்த மாட்டுத் தோலு. நான் கண்ணால பாத்தேன். செத்த தோல்னா கொஞ்சம் தோலுன்னு நெனச்சு, ஆசையா உருவிக் குடுத்தாக.”

நஜ்முன்னிசாவின் முகம் வெளிறிப்போயிற்று. சாயங்காலம் மேடையில் ஏறி அவள்தான் உறுதிமொழி சொல்ல வேண்டும். ஆண்டவன் சாட்சியாக இந்தத் தோலுக்காக எந்த உயிரும் கொல்லப்படவில்லை என்று. தோல்காரர் மகளே சொன்னால் எடுபடும் என்பது சுந்தரவல்லி அம்மாளின் யோசனை.

மேடைக்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையில் அந்த அம்மாளைப் பிடித்தார்கள். ஜெயமேரியும் அங்கே சாமான் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நஜ்முன்னிசா ஒன்றுவிடாமல் சொன்னாள். சுந்தரவல்லி அம்மாள் முதலில் தன் காலைத்தான் பார்த்தாள். முதல் சோடி அவள் காலில் இருந்தது.

“ஜெயமேரி! நான் உன்கிட்டே என்ன சொல்லியனுப்பினேன்?”

“செத்த தோல்னு சொன்னீக. நானும் செத்த தோல்னுதான் சொன்னேன்.”

“செத்தன்னா என்ன?”

“செத்தன்னா… செத்தம்மா. இம்புட்டு.” ஜெயமேரி விரல் நுனியைக் காட்டினாள்.

ஜெய்தூன் பீவிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் துப்பட்டியால் அடைத்துக்கொண்டாள். சுந்தரவல்லி அம்மாள் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“சரி. இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“நம்ம நாலு பேருக்குத்தான்மா,” என்றாள் நஜ்முன்னிசா.

“அப்போ இதோட விடு. நம்ம எண்ணம் சுத்தம். எண்ணம் சுத்தமா இருந்தா பொருளும் சுத்தம்தான். மதுரையிலிருந்து மில் முதலாளி வந்து உட்கார்ந்திருக்கார். அவருக்கே ஒரு சோடி போட்டாச்சு. நீ மேடையில ஏறி, எழுதிக்கொடுத்ததைச் சொல்லிட்டு இறங்கு.”

“அது பொய்யாயிருமேம்மா.”

“எத்தனை பேர் மனசு இன்னிக்கு நல்ல வழிக்குத் திரும்பியிருக்கு, அதைக் கெடுக்கறது பெரிய பாவம் இல்லையா? இறங்கி வா. உன் வேலை விஷயத்தை நாளைக்கே முடிச்சுடறேன்.” சொல்லிவிட்டு நடந்தாள். புதுச் செருப்பு ஒரு சத்தமும் போடவில்லை. அவ்வளவு மெத்தென்ற தோல்.

அடேயப்பா, என்ன சுத்தம்! ஜெய்தூன் பீவிக்கு அந்த அம்மாளைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் வீட்டில் அரிசிப் பானை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். மகளின் கையைப் பிடித்தாள்.

“சொல்லித் தொலைச்சுட்டு வாத்தா. இம்புட்டுப் பொய்யும் நடக்குற எடத்துல நம்ம பொய்யும் ஒண்ணு ஓரமா நின்னுட்டுப் போவுது.”

“ஆண்டவன் சாட்சின்னு சொல்லணும்மா.”

“அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். உலை வைக்கிறவ நானு. அவனுக்குத் தெரியும்.”

நஜ்முன்னிசா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போனாள்.

மேடையில் மில் முதலாளி கால்மேல் கால் போட்டு, புதுச் செருப்பு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் மில்லில் நூல் நூற்கிற பெண்கள் கூலி கேட்டு வாசலில் நின்றது ஊருக்கே தெரிந்த கதை. அவர்தான் தர்ம வியாபாரத்தைப் பற்றிச் செத்த நேரம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக்கின் முன்னால் வந்து நின்றாள். பெண்கள் பக்கத்தில் சுவரை ஒட்டி நின்ற ஜெய்தூன் பீவி, சொல்லிரு, சொல்லிரு என்று உதட்டுக்குள் முணுமுணுத்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம்,” என்றாள் நஜ்முன்னிசா. வகுப்பில் பாடம் சொல்கிற குரல்தான். “இந்தச் செருப்பு எங்க அத்தா மண்டித் தோலில் செய்தது. தானாக இறந்த மாட்டுத் தோல் இல்லை. அறுத்த மாட்டுத் தோல். சொன்ன சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு, நல்ல தோலாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். தப்பு எங்களுடையது. வேண்டாம் என்கிறவர்கள் செருப்பு மேசையில் வைத்துவிட்டால் விலையைத் திருப்பித் தந்துவிடுவோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.”

மண்டபத்தில் சரசரவென்று ஒரு சத்தம். ஜெய்தூன் பீவி எட்டிப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை பேரும் காலை உள்ளே இழுத்துச் சேலைக் கரையால் மூடிக்கொண்டிருந்தார்கள். மில் முதலாளி கால்மேல் போட்ட காலை இறக்கி, இரண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, கூரையில் எதையோ தேடினார். மேசை காலியாகவே கிடந்தது. சுந்தரவல்லி அம்மாள் எழுந்து கையைக் காட்டினாள். ஒலிபெருக்கிக்காரன் பாட்டுத்தட்டைப் போட்டான்.

அம்மாவும் மகளும் வெளியே வந்தபோது சோலைமுத்து எழுந்து நின்றார். மைக் சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது.

“என்னம்மா, ஒருத்தரும் திருப்பிக் குடுக்கலையா?”

“ஒருத்தியும் கழட்டலய்யா. காலோட ஒட்டிப் பொறந்தது மாதிரி மூடிக்கிட்டாளுக.”

“கழட்ட மனசு வராதும்மா,” என்றார் சோலைமுத்து. “தோலு அப்பிடி.”

அய்யம்மாள் கூடையில் மிச்சமிருந்த கத்தரிக்காயை அள்ளி ஜெய்தூன் பீவியின் மடியில் போட்டாள். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பு இல்லாமல் வாங்கிக்கொண்டாள். தெரு முழுக்கத் தூறல். பாதி வழி வரை மகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். “ஒரு வார்த்த, ஒத்த வார்த்த! நாக்கு தேஞ்சா போயிரும்? அவளுகளுக்காகவா உம் பொழப்பக் கெடுத்துக்கிட்ட?” நஜ்முன்னிசா அழுதுகொண்டே நடந்தாள். அதைப் பார்த்ததும் ஜெய்தூன் பீவிக்கும் அழுகை வந்துவிட்டது. துப்பட்டியை விரித்து மகளின் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். “போகட்டும். அம்புட்டுப் பேருக்கு முன்னால நீதான்டி நிமுந்து நின்ன,” என்றாள்.

அன்றைக்குச் சோற்றுக்குக் கத்தரிக்காய்தான் வெஞ்சனம். ராவுத்தர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “செத்தன்னு சொன்னா செத்தன்னுதானே நெனைப்போம். முர்தார்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அதுல ஒண்ணு தூக்கிப் போட்டிருப்பேனே,” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாளே பெரிய டீச்சர் நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டு, இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள். தர்மத்துக்கு ஒத்துவராத குடும்பமாம். கழகத்தில் எல்லோரும் மனம் நொந்துபோயிருக்கிறார்களாம். கண்காட்சியில் விற்ற செருப்பில் ஒரு சோடிகூடத் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தது நஜ்முன்னிசா ஒருத்திதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மழை விட்டு வெயில் அடித்தது. ஜெய்தூன் பீவியும் ராவுத்தரும் மண்டிக்குப் பின்னால் தோலை உதறி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெயமேரி வந்து நின்றாள். முன்வாசலாக வராமல் சந்து வழியாகப் பின்பக்கம் வந்திருந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்கிராதீக. நான் வெறும் ஏவலாளு. அம்மா சொல்லிவிட்டுச்சு.”

“என்னவாம்? புள்ளைய மறுபடி கூப்புடுறாகளாமா?” ராவுத்தர் ஆசையாகக் கேட்டார்.

ஜெயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். “அது இல்ல பாயி. பட்டணத்துலருந்து அவுக தங்கச்சி வந்திருக்காக. அம்மா கால்ல கெடக்குறதைப் பாத்து, எனக்கும் அதே மாதிரி வேணும்னு கேட்டாகளாம். சோலைமுத்துகிட்டச் சொல்லி ஒரு சோடி தைக்கணுமாம். அதே தோல்லதான் வேணுமாம். வெளிய யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னாக.”

ராவுத்தர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போனாரோ, ஜெய்தூன் பீவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“செத்த இரு,” என்றாள் ஜெயமேரியிடம்.

மண்டியின் கோடியில், சுவரோரம் தனியே கிடந்த முர்தார்க் குவியலின் அடியில் கிடந்த ஒன்றை இழுத்தாள். திட்டுத் திட்டாகக் கறுத்து, விறைத்து, வெடிப்பு விட்ட தோல். வீச்சம் மூக்கைத் துளைத்தது. இரண்டு கையாலும் தூக்கி வந்து ஜெயமேரியின் காலடியில் போட்டாள்.

“அக்கா, இதுவா?”

“இதுதான். உங்கம்மா மொதமொதல்ல கேட்டது. குடுக்காம விட்டது எங்க தப்பு. மைக்குலயே மன்னிப்புக் கேட்டுட்டோம்ல?” ஜெய்தூன் பீவி கையைத் துப்பட்டியில் துடைத்துக்கொண்டாள். “செத்த தோலு. எடுத்துட்டுப் போயி, கால்ல மாட்டிக்கிட்டு நடக்கச் சொல்லு.”